சீட்டில் வந்த பெயர்

நுவரெலியா
14.2.1982

அன்புள்ள அக்காவுக்கு,

சேசு மரி சூசை துணையால், இருமலைத் தவிர்த்தால் நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது? நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

இங்கே குளிர் நம் வட்டகொடைக் குளிர் மாதிரி இல்லை, எலும்புக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. என் அறையில் இன்னொருத்தி இருக்கிறாள். பெயர் பூரணி. கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம். அதிகம் பேசமாட்டாள். என் படுக்கை ஜன்னல் ஓரம்.

போன மாதம் டவுனில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கல்லூரிப் பையன் செத்துக் கிடந்தான். ஏதோ புதுத் தூளாம், ஹெரோயின் என்கிறார்கள். அதனால் எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் புதிதாகச் சட்டம் போட்டிருக்கிறார்கள். எல்லாருடைய பெயரையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, திங்கட்கிழமைதோறும் சில பெயர்களை எடுப்பார்கள். பெயர் வந்தவர்கள் சிறுநீர் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த டாக்டர் ஒருவர் அதைச் சோதிப்பார். இதற்குச் சம்மதம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அதிபர் சரோஜாதேவி யாழ்ப்பாணத்துக்காரர். கூட்டத்தில் இப்படிச் சொன்னார்: "பிள்ளையள், ஒருத்தரிலையும் எங்களுக்குச் சந்தேகமில்லை. சந்தேகமில்லாதபடியால்தான் சீட்டுப் போடுறம். ஒருத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவமானம்."

பூரணி எழுந்து, "கையெழுத்துப் போடாட்டி என்ன டீச்சர்?" என்று கேட்டாள்.

"போடாதவை வீட்டை போகலாம்" என்றார்.

எல்லாரும் போட்டோம். அதிபரின் தமக்கை மகனும் கொழும்பில் இந்தத் தூளால்தான் செத்தாராம். அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் தங்கை
தெரேசா

*

வட்டகொடை
27.2.1982

அன்புள்ள தெரேசாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீ சுகமாயிருக்க அம்மா தினமும் மாதா படத்துக்கு முன்னால் ஜெபமாலை சொல்கிறார்கள். எனக்கும் சேர்த்துத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துக் காட்டச் சொன்னார்கள். பிறகு அதை இடுப்பில் செருகிக்கொண்டு லயத்து வீடுகள் முழுவதும் சுற்றினார்கள். "சின்னவ ஜன்னலோரம் படுக்குறாளாம்" என்று எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது.

அந்தச் சட்டத்தைப் பற்றி நீ பெரிதாக எழுதியிருக்கிறாய். ஃபாக்டரியில் தேயிலை சலிக்கிற சலிப்பு அறையிலிருந்து நாங்கள் வெளியே வரும்போது தினமும் சோதனைதான். காவல்காரன் மாயாண்டி சேலை மடிப்பை உதறச் சொல்வான், கொண்டையை அவிழ்க்கச் சொல்வான். யாராவது தேயிலைத் தூளைக் கொண்டுபோய்விடுவோமாம். எங்களுக்கு யாரும் சீட்டுப் போடுவதில்லை. எல்லாருக்கும், எல்லா நாளும். நாங்கள் கையெழுத்தும் போடவில்லை.

நேர்முகப் பரீட்சைக்கு நாம் இரண்டு பேரும்தானே வந்தோம்? உன்னைப் பாடச் சொன்னார்கள். என்னிடம் வயதைக் கேட்டார்கள். எனக்கு வந்த கடிதத்தில், "காத்திருப்போர் வரிசையில் இரண்டாவது, முதல் அரையாண்டுக்குள் இடம் காலியானால் அறிவிப்போம்" என்று இருந்தது. அங்கே கிடைத்த இடத்தை யார் விடப்போகிறார்கள்?

உன் இருமலைப் பற்றி அம்மா டிஸ்பென்சர் றோலண்ட் ஐயாவிடம் சொல்லி ஒரு போத்தல் மருந்து வாங்கியிருக்கிறார்கள். மரக்கறி லொறியில் வரும் கந்தப்பன் மாமா கொண்டுவந்து தருவார். சலிப்பு அறைத் தூசியில் நானும் இரண்டு வருடமாக இருமுகிறேன். பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜோசப்பின்

*

நுவரெலியா
20.3.1982

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் மருந்தும் கிடைத்தன. இரவில் இரண்டு கரண்டி குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது. நீங்களும் றோலண்ட் அண்ணனிடம் கேட்டு வாங்கிக் குடியுங்கள் அக்கா. அம்மாவின் காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

இங்கே ஒரு காரியம் நடந்துவிட்டது. திங்கட்கிழமை பூரணியின் பெயர் வந்தது. போத்தலை வாங்கிக்கொண்டு போனவள் குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கதவைத் திறந்து வைத்துத்தான் கொடுக்க வேண்டும், மேட்ரன் பார்த்துக்கொண்டு நிற்பார். இல்லாவிட்டால் தண்ணீரைக் கலந்துவிடுவோமாம்.

"வேற நாள்ல தர்றேங்க" என்றாள் பூரணி.

"இப்ப தாறியா இல்லையா?"

"இன்னைக்கு முடியாதுங்க."

காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை. அதிபர் வந்து கேட்டார், அப்போதும் சொல்லவில்லை. தர மறுத்தால் குற்றம் செய்ததாகத்தான் அர்த்தம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நான் அவளைத் தனியே கூட்டிப்போய், "ஒண்ணும் இல்லாதவளுக்கு என்னடி பயம்? குடுத்துட்டு வா" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெட்டியை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். சாயந்தரமே அனுப்பிவிட்டார்கள். அவள் ஏன் தரவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

உங்கள் தங்கை
தெரேசா

*

வட்டகொடை
6.4.1982

அன்புள்ள தெரேசாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் இருமலுக்கு மருந்து பிடித்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டார்கள்.

குருத்து ஞாயிறன்று கோயிலில் சாமியார் உன்னைப் பற்றி விசாரித்தார். அம்மா அங்கேயே பையைத் திறந்து, கல்லூரிச் சேலையில் நீ எடுத்த போட்டோவைக் காட்டினார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். சாமியார் போட்டோவைப் பார்த்துவிட்டு என்னிடம், "நீங்க யாரு?" என்று கேட்டார்.

அந்தப் பூரணிக்குத் திமிர். அந்த இடத்துக்காகக் கேட்டால் நான் ஒரு வாளி நிறையக் கொடுப்பேன். மானம், மானம் என்கிறீர்கள். மானம் பார்க்கிற வேலை எது இந்த மலையில்?

அவள் இடத்துக்குப் பண்டாரவளைப் பெண் ஒருத்தியை எடுத்துவிட்டார்களாம். கொட்டகலைத் தபால் கந்தோருக்குப் போய் அங்கிருந்து டெலிபோனில் விசாரித்தேன். காத்திருப்போர் வரிசையில் இப்போது முதலாவது பெயர் என்னுடையது. சும்மா சொல்கிறேன்.

ஈஸ்டர் வாழ்த்துகள்.

ஜோசப்பின்

*

நுவரெலியா
3.5.1982

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நான் சுகமில்லை. இதை அம்மாவுக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

விடுமுறைக்கு முந்திய திங்கட்கிழமை என் பெயர் வந்தது. பயமில்லாமல் கொடுத்தேன். போன வாரம் அதிபர் கூப்பிட்டு, என் சிறுநீரில் அபின் சேர்ந்த ஏதோ இருப்பதாகச் சொன்னார். மறுபடியும் சோதித்துப் பார்த்தார்களாம், அப்போதும் அப்படியே வந்திருக்கிறது.

டாக்டர் நல்ல மனிதர். "இருமல் மருந்து ஏதும் குடிச்சீங்களா?" என்று கேட்டார். சோதனைக்கு முதல் நாள் இரவும் குடித்தேன் என்றேன். அந்த மருந்தில் கோடீன் இருந்தால் இப்படித்தான் காட்டுமாம். ஆனால் அதைக் கொடுத்தவர் வந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எழுதித் தர வேண்டும். போத்தலை நான் கழுவி எறிந்துவிட்டேன்.

மே 22, சனிக்கிழமை விசாரணை. அதற்குள் றோலண்ட் அண்ணனிடம் சொல்லுங்கள் அக்கா. வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

என்னைத் தனி அறையில் போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்தால் மற்றப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போகிறார்கள். பூரணி போன நாளில் நானும் அப்படித்தான் தள்ளி நின்றேன்.

உடனே பதில் போடுங்கள்.

தெரேசா

*

நுவரெலியா
12.5.1982

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? என் போன கடிதம் கிடைத்ததா? வெசாக் லீவில் தபால் தேங்கியிருக்கும் என்று என்னையே தேற்றிக்கொள்கிறேன். டவுன் முழுக்க வெசாக் விளக்குக் கூடு எரிந்தது. நான் அறையைவிட்டு வெளியே போகவில்லை.

றோலண்ட் அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா? இரண்டு வரி எழுதித் தந்தாலும் போதும்.

நேற்று மேட்ரன் காத்திருப்போர் வரிசையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ போனா அடுத்த பேர் ஜோசப்பின். உன்ர அக்காவோ? அப்ப இடம் வீட்டுக்குள்ளதான் இருக்கும்." ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது இரவு முழுவதும் காதில் கேட்டது.

அக்கா, நான் ஒன்றும் செய்யவில்லை.

தெரேசா

*

வட்டகொடை
17.5.1982

அன்புள்ள தெரேசாவுக்கு,

உன் கடிதங்கள் கிடைத்தன. நாங்கள் சுகம். அம்மாவுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இந்த மாதம் மழை நன்றாகப் பெய்ததால் கொழுந்து அதிகம், ஃபாக்டரியில் இரண்டு ஷிப்ட். மூச்சுவிட நேரமில்லை. வீரம்மா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நம் லயத்துக்குக் கூரைத் தகரம் மாற்றுகிறார்கள்.

றோலண்ட் ஐயா லீவில் போயிருப்பதாக யாரோ சொன்னார்கள். வந்தால் பார்க்கிறேன். அவருக்கும் நூறு வேலை. ஒருத்தருக்கு மருந்து கொடுத்ததெல்லாம் ஞாபகம் இருக்குமோ தெரியாது.

நீ மனதைத் தளரவிடாதே. என்ன நடந்தாலும் வீட்டுக்கு வரலாம். சலிப்பு அறையில் ஆள் தேவை என்று பெரிய கணக்கப்பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆண்டவர் இருக்கிறார்.

ஜோசப்பின்

*

நுவரெலியா
24.5.1982

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகம் என்று றோலண்ட் அண்ணன் சொல்லக் கேட்டேன்.

சனிக்கிழமை காலையில் அவர் வந்தார். நானுஓயாவில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ்ஸைக் காணாமல் மழையில் நடந்தே வந்திருக்கிறார். விசாரணை அறைக்குள் ஈரக் கோட்டோடுதான் நின்றார். மருந்தின் பெயரையும் அதில் கோடீன் இருப்பதையும் டாக்டரிடம் சொன்னார். டாக்டர் தலையாட்டிவிட்டு, "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான் அக்கா. ஒரு மாதமாக நான் குற்றவாளி, ஒரு நிமிடத்தில் இல்லை.

அதிபருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியே பிள்ளை, பிழை செய்யாதவை தப்பி வருவினம்" என்றார்.

"நான் தப்பல டீச்சர். இவரு வந்தாரு. பூரணிக்கு யாரும் வரல" என்றேன்.

"அவ மறுத்தவ. அது வேற" என்று எழுந்துவிட்டார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது றோலண்ட் அண்ணன் சொன்னார்: "நான் லீவே போகலம்மா. வியாழக்கிழமைதான் எனக்கே தெரியும். உங்கம்மா கடுதாசியக் கொண்டாந்து, 'ரெண்டு பக்கம் எழுதியிருக்கா, பெரியவ ரெண்டே வரியில படிச்சு முடிச்சுட்டா, நீங்க முழுசாப் படிங்க'ன்னாங்க."

அக்காவுக்கு இரண்டு ஷிப்ட், பாவம், களைப்பு என்று அவரிடம் சொன்னேன். அவரும் நம்பியிருப்பார்.

வேறு விசேஷமில்லை. அம்மாவின் கையை எனக்காகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தெரேசா

*

நுவரெலியா
16.6.1982

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து கடிதமில்லை. சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தத் திங்கட்கிழமை மறுபடியும் என் பெயர் வந்தது. வேண்டுமென்றே எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தார்கள். போத்தலைக் கையில் வாங்கினேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. இன்றைக்குக் கொடுத்தால் அடுத்த வாரம் வரைக்கும் நல்லவள், பிறகு மறுபடியும் நிரூபிக்க வேண்டும் என்று நினைத்தேன். போத்தலை மேசைமேல் வைத்துவிட்டு, "நான் தரமாட்டேன் டீச்சர்" என்றேன்.

"இப்ப உன்னட்டை ஒண்டும் இல்லையே. பிறகேன் மறுக்கிறாய்?" என்று அதிபர் கெஞ்சுகிற மாதிரிக் கேட்டார்.

"இல்லங்கிறது உங்களுக்கும் தெரியும் டீச்சர். அப்புறம் ஏன் கேக்கிறீங்க?" என்றேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். அரையாண்டு முடிய இன்னும் நாள் இருக்கிறது. உங்களுக்குக் கடிதம் வரும். வந்தால் நீங்கள் போக வேண்டும். கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருக்கிறது, ஆனால் இதை எழுதுவது அது இல்லை.

தெரேசா

*

நுவரெலியா
25.7.1982

அன்புள்ள தெரேசாவுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

இரண்டு வாரம் ஒரே அறையில் இருந்தோம். நீ விறகு எடுத்தாய், நான் சோறு வடித்தேன். நடந்ததைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஸ்டேஷனில் அம்மா அழுதது நான் போவதற்காகவா, நீ போகாததற்காகவா என்று ரயில் நானுஓயா வரும்வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு இந்தப் புத்தி போகாது போலிருக்கிறது.

எனக்குக் கொடுத்தது உன் படுக்கை. ஜன்னல் ஓரம்.

வந்த அன்றே கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது திங்கட்கிழமையே என் பெயர் வந்தது. ஃபாக்டரிக் கேட்டைக் கடந்தவளுக்கு இது என்ன பெரிய காரியம் என்று உள்ளே போனேன். மேட்ரன் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வரவேயில்லை தெரேசா. நேரம் போய்க்கொண்டேயிருந்தது. அவர் குழாயைத் திறந்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல "ஸ்ஸ்" என்று சொன்னார். அப்படித்தான் கொடுத்தேன்.

"சுத்தம்" என்று முடிவு வந்தது. அதிபர் எல்லாருக்கும் முன்னால், "மூத்தவ சொல்வழி கேக்கிற பிள்ளை" என்றார். உன்னோடு என்னை வைத்துப் பார்த்து என்னை மேலே வைத்த முதல் ஆள் அவர்தான். இந்தச் சொல்லுக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். கேட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு அந்த "ஸ்ஸ்" மட்டும்தான் காதில் நின்றது.

அக்கா
ஜோசப்பின்

*

வட்டகொடை
10.8.1982

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மா நடமாடுகிறார்கள். உங்கள் கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டினேன். "ஸ்ஸ்" என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு, வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்கள்.

நான் சலிப்பு அறையில் உங்கள் இடத்தில்தான் நிற்கிறேன். தூசியில் எனக்கும் இருமல் வந்துவிட்டது. இவ்வளவு நாள் நீங்கள் இருமியதை நான் காதில் வாங்கியதேயில்லை. மாயாண்டி கொண்டையை அவிழ்க்கச் சொன்னான். அவிழ்த்தேன் அக்கா. அங்கே மறுத்தவள் இங்கே அவிழ்த்தேன். இந்த வேலையும் போனால் அம்மாவுக்கு யார்? என் ரோசம் அவ்வளவுதானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

கொட்டகலைக்குப் போய்ப் பூரணியைப் பார்த்தேன். மலையிலிருந்து கூடையோடு இறங்கி வந்தாள். "அன்னைக்கு எனக்குத் தீட்டுடி. போத்தல்ல ரத்தம் கலந்திருக்கும். அத ஆம்பள டாக்டரு கையில எடுத்துப் பாப்பாரு. எல்லாரு முன்னாலயும் எப்படிச் சொல்றது?" என்றாள். நான் அன்றைக்கு அவளிடம் கேட்ட கேள்வியை நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவள் என்னைத் திட்டவில்லை, தேத்தண்ணி கொடுத்தாள்.

அம்மா இப்போது உங்கள் புராணம்தான் பாடுகிறார்கள். "பெரியவ டீச்சராகப் போறா" என்று தண்ணி பிடிக்கப் பீலியில் நிற்கிறவர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. எனக்கு உங்கள்மேல் பொறாமையாக இருக்கிறது அக்கா. நானாக விட்டு வந்த இடம்தான். இருந்தாலும் ராத்திரியில் அந்த ஜன்னல் ஞாபகம் வருகிறது. நீங்கள் இத்தனை வருடம் எதோடு இருந்தீர்கள் என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது.

மே மாதத்தைப் பற்றி ஒன்று கேட்க நினைத்தேன். வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

தெரேசா

*

நுவரெலியா
5.9.1982

அன்புள்ள தெரேசாவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதியெழுதிக் கிழித்தேன். உன் இருமலுக்கு ஆவி பிடி. அம்மா கால் எப்படி?

நீ கேட்காமல் விட்டதை நானும் எழுதாமல் விடுகிறேன். நீ அறிவாய், ஆண்டவரும் அறிவார்.

பூரணியின் இடத்துக்கு வந்த பண்டாரவளைப் பெண்ணின் பெயர் பேச்சியம்மா. போன திங்கட்கிழமை அவள் பெயர் வந்தது. போத்தலோடு என் பக்கத்தில் வந்து, "அக்கா, எனக்கு இன்னைக்கு முடியாதுக்கா" என்றாள். முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நான் மேட்ரனிடம், "அடுத்த வாரம் எடுங்கம்மா" என்றேன். சட்டம் இல்லை என்றார்.

நான் அவளைக் குளியலறைக்குள் விட்டு, கதவை இழுத்துச் சாத்தி, அதில் முதுகை வைத்துக்கொண்டு நின்றேன். இதைச் செய்ய வேண்டும் என்று யோசித்துச் செய்யவில்லை.

"தள்ளு" என்றார் மேட்ரன்.

"தள்ளமாட்டேங்க. அவ உள்ள இருக்கட்டும்."

வராந்தாவில் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், யாரும் கிட்டே வரவில்லை. இந்த இடத்துக்காக நான் என்னென்ன ஆசைப்பட்டேன், என்னென்ன செய்யாமல் இருந்தேன் என்பதெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது. அதிபர் வந்த பிறகுதான் விலகினேன்.

மறுநாள் அவர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பெட்டியை அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனேன். பூரணி ஏன் மறுத்தாள் என்று சொன்னேன். அதிபர் மேசைமேல் இருந்த பிஸ்கட் டின்னை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, "அவ அதைச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

"யார்கிட்ட டீச்சர்? கதவு தொறந்திருந்துச்சு" என்றேன்.

அவர் தமக்கை மகனைப் பற்றிச் சொன்னார். இரவு பன்னிரண்டு மணிக்கும் வீட்டு வாசலில் அவனுக்காகக் காத்திருந்த கதையைச் சொன்னார். "ஒரு பிள்ளையையும் அப்பிடி விடக் கூடாதெண்டுதான் இதைத் தொடங்கினனான்" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

என்னை அனுப்பவில்லை. இனிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம், முடியாத நாளென்றால் அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். சீட்டு எடுப்பது நிற்காது. பூரணியைத் திரும்ப எடுப்பது பற்றி நிர்வாகத்துக்கு எழுதுகிறேன் என்றார். எழுதுவாரா, தெரியவில்லை. உன்னைப் பற்றியும் கேட்டேன். இடம் நிரம்பிவிட்டது என்றார். நிரப்பியிருப்பது நான்தானே. அதற்குமேல் எப்படிக் கேட்பது? நான் விட்டுத்தருகிறேன் என்று ஒரு வார்த்தை வாய்வரைக்கும் வந்தது தெரேசா. சொல்லவில்லை.

எழுந்து வரும்போது அதிபர் சொன்னார்: "உம்மட தங்கச்சியும் இப்பிடித்தான் எனக்கு முன்னால நிண்டவ. நீரும் அவவைப் போலத்தான்."

சின்ன வயதிலிருந்து எனக்குப் பிடிக்காத பேச்சு அது. வராந்தாவில் நின்று யோசித்துப் பார்த்தேன். இப்போதும் வலித்தது. முன்பு வலித்த மாதிரி இல்லை.

அம்மாவுக்கு என் அன்பு. றோலண்ட் ஐயாவிடம் உனக்கு மருந்து கேள்.

உன் அக்கா
ஜோசப்பின்